ஏப்ரலில் உருவாகும் அணி



அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் கோப்பை கைக்கு வருவது ஜனவரி மாதத்தில். அந்தக் கோப்பைக்குத் தகுதியான அணி உருவாவது மார்ச், ஏப்ரல் மாதங்களில். அப்போது போட்டி கிடையாது, புள்ளிப் பட்டியல் கிடையாது. பயிற்சி மட்டும்தான். வசந்தகாலப் பயிற்சி என்று அதற்குப் பெயர். அது எப்படி நடக்கிறது, ஒரு அணியின் வரப்போகும் ஆண்டை அதை வைத்து எப்படிக் கணிப்பது என்று இன்று பார்க்கலாம். எடுத்துக்காட்டாக இண்டியானா பல்கலைக்கழக அணியைச் சொல்லப்போகிறேன். ஒரு வசந்தகாலம் ஒரு அணியை எந்த அளவுக்கு மாற்றும் என்பதற்கு அண்மைக் காலத்தில் அதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்கக் கால்பந்தில் பந்து முட்டை வடிவில் இருக்கும். ஆடுபவர்கள் தலைக்கவசமும் தோளில் கனத்த காப்பும் அணிந்திருப்பார்கள். பக்கத்துக்கு 11 பேர். பந்தைக் கையில் ஏந்தி ஓடியோ, சக வீரருக்கு எறிந்தோ முன்னேற வேண்டும். நான்கு முயற்சிகளில் 10 கெஜம் கடக்காவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சியும் சில விநாடிகளில் முடிந்துவிடும். அந்தச் சில விநாடிகளில் 11 பேரும் ஏற்கெனவே பேசிவைத்த திட்டப்படி நகர வேண்டும். பந்தை வாங்கி, யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்பவர் குவார்ட்டர்பேக். அவர் எவ்வளவு பெரிய திறமைசாலியாக இருந்தாலும், அவருக்கு முன்னால் நிற்கும் ஐந்து பேரில் ஒருவர் தப்பான பக்கம் திரும்பினால் போதும், அந்த முயற்சி பாழ்.

அதனால்தான் இந்த ஆட்டத்துக்கு இவ்வளவு பயிற்சி தேவைப்படுகிறது. ஆனால் வேண்டிய மட்டும் பயிற்சி செய்துகொள்ள அனுமதி இல்லை. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிப்படி, வசந்தகாலத்தில் மொத்தம் 15 பயிற்சிகள்தான். அவற்றை 34 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். முதல் இரண்டு பயிற்சிகளில் உடல் மோதவே கூடாது. மொத்தத்தில் 12 பயிற்சிகளில் மட்டுமே மோதல் இருக்கலாம். அதிலும் 8 பயிற்சிகளில்தான் ஒருவரை ஒருவர் மடக்கிக் கீழே தள்ளலாம். தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி மூளையைப் பாதிக்கும் என்று மருத்துவர்கள் சொல்லிவந்ததன் பயனாக வந்த கட்டுப்பாடுகள் இவை. நல்ல கட்டுப்பாடுகள். இவர்கள் மாணவர்கள். காலையில் வகுப்பு, மாலையில் வீட்டுப்பாடம், செமஸ்டர் முடிவில் தேர்வு, எல்லாம் இவர்களுக்கும் உண்டு.

ஒரு பயிற்சியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். திடலின் ஓரத்தில் பெரிய கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். பயிற்சி முழுவதும் ஐந்தைந்து நிமிடமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஹாரன் ஒலித்ததும் ஒவ்வொரு குழுவும் அடுத்த வேலைக்கு ஓட வேண்டும். நடந்து போனால் திட்டு விழும். ஒரு மூலையில் 130, 140 கிலோ எடையுள்ள ஐந்து பேர் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். அவர்களுடைய பயிற்சியாளர் முகத்தைப் பார்க்கமாட்டார், பாதத்தைத்தான் பார்ப்பார். முதல் அடி ஒரு சாண் தள்ளி விழுந்தாலும் எதிரி அந்த இடைவெளியில் புகுந்துவிடுவான். அந்த ஒரே அடியை இருபது முறை, முப்பது முறை எடுத்து வைப்பார்கள். இன்னொரு மூலையில் குவார்ட்டர்பேக்கும் பந்து பிடிப்பவர்களும். பிடிப்பவர் 12 கெஜம் ஓடிச் சட்டென்று திரும்புவார். அவர் திரும்பிய பிறகு எறிந்தால் தாமதம். திரும்பும் முன்பே பந்து கையை விட்டுக் கிளம்பி, அவர் திரும்பும் நொடியில் நெஞ்சுக்கு நேராக வந்து நிற்க வேண்டும். ஒருவர் இன்னொருவரைக் கண்ணால் பார்க்காமலே நம்பக் கற்றுக்கொள்ளும் வித்தை இது. குவார்ட்டர்பேக் மட்டும் வேறு நிறச் சட்டை போட்டிருப்பார். அவர்மேல் யாரும் மோதக்கூடாது என்பதற்கான அடையாளம். எல்லாவற்றையும் படம் பிடிப்பார்கள். பிறகு இருட்டு அறையில் உட்காரவைத்து, தவறிய அந்த ஓர் அடியைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டுவார்கள். எந்தப் பெரிய வீரருக்கும் இதில் விலக்கு இல்லை.

சரி, இந்தப் பயிற்சிக்கு வருபவர்கள் யார்? கல்லூரி வீரர் ஒருவர் ஐந்து ஆண்டுக்குள் நான்கு பருவங்கள் ஆடலாம் என்பது நெடுங்காலமாக இருந்துவந்த கணக்கு. ஆகவே ஆண்டுதோறும் மூத்தவர்கள் விடைபெறுவார்கள். பள்ளி முடித்த பிள்ளைகள் வருவார்கள். சிலர் டிசம்பரிலேயே பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு ஜனவரியில் கல்லூரியில் சேர்ந்துவிடுகிறார்கள், இந்த 15 பயிற்சிகளைத் தவறவிடக்கூடாது என்பதற்காகவே. முன்பெல்லாம் ஒரு அணியை நான்கைந்து ஆண்டுகளில் நிதானமாக வளர்த்தார்கள்.

2018 அக்டோபரில் அந்த நிலை மாறத் தொடங்கியது. கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பெயர்களைப் பதிவு செய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் அப்போது வந்தது. 2021-ல், கல்லூரி மாறினால் ஓர் ஆண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும் என்ற தடை தளர்ந்தது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்க அனுமதி கிடைத்தது. 2025 ஜூலையிலிருந்து, நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டின்படி, கல்லூரிகளே தங்கள் எல்லா விளையாட்டு வீரர்களுக்கும் சேர்த்து முதல் ஆண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகப் பகிர்ந்து கொடுக்கலாம். பல்லாயிரம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ஆட்டத்தில் ஆடுபவனுக்குக் காசு இல்லை என்பது அநியாயம். அது போனது சரிதான். ஆனால் இதன் விளைவாக, பல அணிகளில் வசந்தகாலத்தின் முதல் நாளில் பாதிப் பேருக்கு மீதிப் பேரின் பெயர்கூடத் தெரிவதில்லை.

இந்த இடத்தில்தான் இண்டியானா வருகிறது. புளூமிங்டன் என்ற சிறு நகரத்தில் 1820-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. அந்த ஊர் கூடைப்பந்துக்குப் பெயர் பெற்றது. பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணி ஐந்து முறை தேசியக் கோப்பை வென்றிருக்கிறது. கால்பந்திலோ நிலைமை நேர் எதிர். 700-க்கும் மேற்பட்ட தோல்விகள். 1967-க்குப் பிறகு 2023 வரை தன் பிரிவான பிக் டென் பட்டத்தை அது தொடவே இல்லை. 2023-ல் 12 ஆட்டங்களில் 9 தோல்வி. அந்த ஆண்டு இறுதியில் கர்ட் சிக்னெட்டி என்ற பயிற்சியாளர் பொறுப்பேற்றார். வயது அறுபதைத் தாண்டியவர். புகழ்பெற்ற அலபாமா அணியில் நிக் சேபனிடம் உதவிப் பயிற்சியாளராக இருந்துவிட்டு, அந்தப் பெரிய இடத்தை விட்டு ஒரு சிறிய கல்லூரியின் தலைமைப் பொறுப்பைத் தேடிப் போனவர். அங்கிருந்து படிப்படியாக ஏறி, ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழக அணியை 2023-ல் 11 வெற்றிகளுக்குக் கொண்டுவந்திருந்தார்.

அவர் வரும்போது ஜேம்ஸ் மேடிசனிலிருந்து 13 வீரர்களும் கூடவே வந்தார்கள். தாக்குதல், தடுப்பு இரண்டுக்கும் பொறுப்பான உதவிப் பயிற்சியாளர்களும் வந்தார்கள். அந்த 13 பேரும் பெரும்பாலும் பெரிய கல்லூரிகள் கண்டுகொள்ளாத வீரர்கள்தான். ஒரு பையன் எதிர்காலத்தில் என்ன ஆவான் என்ற ஊகத்தைவிட, இதுவரை களத்தில் என்ன செய்திருக்கிறான் என்பதே சிக்னெட்டிக்கு முக்கியம். இதை எல்லோரும் பாராட்டிச் சொல்கிறார்கள். என் கணிப்பில் அதைவிடப் பெரிய நன்மை வேறு ஒன்று. 2024 வசந்தகாலத்தில் அந்த 13 பேரும் மாணவர்களாக மட்டும் இல்லை, ஆசிரியர்களாகவும் இருந்தார்கள். பயிற்சியாளர் என்ன எதிர்பார்ப்பார், எந்தச் சொல்லுக்கு எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஏய்டன் ஃபிஷர் என்பவர் தடுப்பு அணியின் நடுவில் நின்று மற்றவர்களை அணிவகுக்கச் செய்பவர். அவரும் அந்த 13 பேரில் ஒருவர். புதிதாக வந்தவனுக்குச் சந்தேகம் வந்தால் பயிற்சியாளரிடம் ஓடிப்போக வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்பவனுக்கே விடை தெரியும். 15 பயிற்சிகளில் 30 பயிற்சிகளின் பலன் கிடைத்தது அப்படித்தான்.

அதன்பின் நடந்ததை உலகம் பார்த்தது. 2024-ல் முதல் 10 ஆட்டங்களையும் வென்றார்கள். ஒரு பருவத்தில் 10 வெற்றி என்பதே அந்தப் பல்கலைக்கழக வரலாற்றில் அதுதான் முதல் முறை. 11 வெற்றி, 2 தோல்வியுடன் அந்த ஆண்டு முடிந்தது. 2025 வசந்தகாலத்துக்கு கலிஃபோர்னியாவிலிருந்து ஃபெர்னாண்டோ மென்டோசா என்ற புதிய குவார்ட்டர்பேக் வந்து சேர்ந்தார். பள்ளியில் படிக்கும்போது பெரிய அணிகள் பெரும்பாலும் அவரைத் தேடி வரவில்லை. அவருடைய தம்பி ஏற்கெனவே இண்டியானா அணியில் இருந்தார். மற்ற 10 பேரில் பலருக்குத் திட்டம் மனப்பாடம்; புதியவர் அவர்களோடு சேர்ந்துகொண்டால் போதும் என்ற நிலை. அந்தப் பருவத்தில் ஓஹையோ ஸ்டேட் அணியை 13-10 என்று வென்று பிக் டென் பட்டம் கிடைத்தது. கல்லூரிக் கால்பந்தின் மிக உயர்ந்த தனிநபர் விருதான ஹைஸ்மன் கோப்பை மென்டோசாவுக்குக் கிடைத்தது. 2026 ஜனவரி 19 அன்று மயாமி அணியை 27-21 என்று வென்று தேசியக் கோப்பை. 16 ஆட்டம், 16 வெற்றி.

இதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம். வசந்தகாலத்தில் ஓர் அணியைப் பற்றிச் செய்தி வரும்போது, எந்த நட்சத்திரம் வந்தார் என்பதையே எல்லோரும் எழுதுவார்கள். நீங்கள் வேறு மூன்றைக் கவனியுங்கள். ஒன்று, குவார்ட்டர்பேக்கைக் காக்கும் அந்த ஐந்து பேரில் எத்தனை பேர் போன ஆண்டும் சேர்ந்து ஆடியவர்கள்? இரண்டு, ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டாவது ஆள் யார்? நீண்ட பருவத்தில் காயம் வராமல் இருக்காது. நவம்பரில் அணியைத் தாங்குபவர் அவர்தான். மூன்று, புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பழையவர்கள் போதுமான அளவு இருக்கிறார்களா? இந்த மூன்றுக்கும் நல்ல விடை இருந்தால் அந்த அணி தேறும். இண்டியானாவுக்கே இனி இந்தச் சோதனை உண்டு. மென்டோசாவும் மூத்தவர்கள் பலரும் விடைபெற்றுவிட்டார்கள். மீண்டும் முதல் அடியிலிருந்து சொல்லித்தர வேண்டும்.

இரண்டு கவலைகளையும் சொல்லியாக வேண்டும். வசந்தகாலப் பயிற்சியின் முடிவில் அணி தனக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஓர் ஆட்டம் ஆடும். ஊரே திரண்டு வந்து பார்க்கும். 2016-ல் ஓஹையோ ஸ்டேட்டில் இந்தப் பயிற்சி ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 1,00,189 பேர். பெரிய போட்டிக்கு டிக்கெட் கிடைக்காத, கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகாத குடும்பங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வரும் நாள் அது. 2025-ல் நெப்ராஸ்கா, டெக்சஸ் போன்ற அணிகள் அந்த வழக்கமான ஆட்டத்தைக் கைவிட்டன. தங்கள் வீரர்களை மற்றவர்கள் பார்த்து, ஆசை காட்டி இழுத்துக்கொள்வார்கள் என்பதும் நெப்ராஸ்கா பயிற்சியாளர் சொன்ன காரணம். இப்போது கல்லூரி மாறுவதற்கான காலம் ஜனவரியில் மட்டும் என்று ஆகிவிட்டது. ஏப்ரல் வாசல் மூடப்பட்டுவிட்டது. பிறகும் எதற்குப் பயம்?

இரண்டாவது கவலை, உதவித்தொகை இல்லாமல், தன் சொந்தச் செலவில் படித்துக்கொண்டே அணியில் இடம் கேட்டு வரும் மாணவர்கள். அங்கே அவர்களை வாக்-ஆன் என்பார்கள். முன்பு 85 பேருக்கு மட்டுமே உதவித்தொகை என்று வரம்பு இருந்தது; அதற்கு மேல் இவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தடை இல்லை. 2025 உடன்பாட்டுக்குப் பின், உடன்பாட்டை ஏற்ற கல்லூரிகளில் மொத்த அணியே 105 பேருக்குள் இருக்க வேண்டும். ஏற்கெனவே இருந்தவர்களுக்கு நீதிமன்றம் பாதுகாப்பு கொடுத்தது. இனி வருபவர்களுக்கு அது இல்லை. வாக்-ஆனாக வந்த பேக்கர் மேஃபீல்ட் 2017-ல் ஹைஸ்மன் கோப்பை வாங்கினார். வாக்-ஆனாக வந்த ஸ்டெட்சன் பென்னட் ஜார்ஜியா அணிக்கு அடுத்தடுத்து இரண்டு தேசியக் கோப்பைகளை வாங்கித் தந்தார். யாரும் அழைக்காமலே வந்து நின்ற இப்படிப்பட்ட பையன்களைப் பயிற்சியாளர்கள் நிதானமாகப் பார்க்க முடிவது வசந்தகாலத்தில்தான்.

பணம் கொடுத்தால் ஜனவரியில் நல்ல ஆட்டக்காரர்கள் கிடைப்பார்கள். அவர்களை ஓர் அணியாக்குவது பொறுமையாகச் சொல்லித்தரும் அந்த 15 பயிற்சிகள்தான். கல்லூரிகள் அவற்றைக் குறைக்கக்கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு நடத்தவும் கூடாது. ஊர் மக்கள் வந்து பார்க்கட்டும். அழைப்பில்லாமல் வரும் மாணவனுக்கும் ஓர் ஓரத்தில் இடம் இருக்கட்டும்.