பின்பக்க மண்ணில் கீரை போடும் முன்
(நமது சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பின்பக்கம் காலியாகக் கிடக்கும் இடத்தில் கீரைத்தோட்டம் போடலாம் என்று போன கூட்டத்தில் பேசினோம். நல்ல யோசனைதான். ஆனால் கட்டட வேலை நடந்தபோது பெயிண்ட் டப்பாக்களும் பழைய பேட்டரிகளும் அங்கேதான் குவிந்து கிடந்தன. முதலில் குடிவந்தவர்களுக்கு நினைவிருக்கும். "நாலு செடி வைத்தால் மண் தானே சுத்தமாகிவிடும்" என்று சிலர் சொன்னார்கள். அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

அவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. நம் டெல்டாவே அதைப் பார்த்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் பக்கத்துக் கடலோர வயல்களில் உப்புநீர் ஏறிப் பயிர் கருகியது. விவசாயிகள் கடல்சேற்றை வழித்தெடுத்தார்கள். மழைநீரைத் தேக்கி வடித்தார்கள். தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதார்கள். 2005-இல் பருவமழையும் நன்றாகப் பெய்தது. பல வயல்களில் மறுபடி நெல் விளைந்தது.

அங்கே தக்கைப்பூண்டு என்ன செய்தது? உப்பைத் தாங்கி வளர்ந்து, வேரால் மண்ணை இளக்கியது. மட்கி, மண்ணைப் பொலபொலவென்று ஆக்கியது. மழைநீர் உள்ளே இறங்கி உப்பைக் கரைத்துக்கொண்டு போனது.

பேட்டரியிலும் பழைய பெயிண்டிலும் இருக்கும் ஈயம் அப்படிப் போகாது. மழையில் எளிதில் கரையாது, மட்கவும் செய்யாது. கடுகு, சூரியகாந்தி போன்றவை அதைக் கொஞ்சம் உறிஞ்சும். உறிஞ்சியது செடிக்குள்ளேயே இருக்கும். மடக்கி உழுதால் அதே மண்ணுக்குத் திரும்பிவிடும். உரக்குழியில் போடவோ, மாட்டுக்குக் கொடுக்கவோ, எரிக்கவோ கூடாது. வேரோடு பிடுங்கித் தனியாக அப்புறப்படுத்த வேண்டும். அப்படிச் செய்தாலும் பல வருஷம் பிடிக்கும்.

அந்த மண்ணில் கீரை போட்டால், கீரையும் ஈயத்தை எடுக்கும். இலையில் ஒட்டும் மண்ணும் வயிற்றுக்குள் போகும். விளையாடும் பிள்ளைகளின் விரல் வழியாகவும் போகும். ஈயம் சிறிதளவே சேர்ந்தாலும் குழந்தைகளின் மூளை வளர்ச்சி பாதிக்கும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்.

ஒன்று, முதலில் மண் பரிசோதனை. வழக்கமான பரிசோதனையில் கார அமில நிலை, உப்பு, தழை மணி சாம்பல் சத்து போன்றவைதான் வரும். ஈயத்தையும் பார்க்கச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். பல இடங்களிலிருந்து மண் எடுத்துக் கொடுப்போம்.

இரண்டு, முடிவு வரும்வரை அந்த இடத்தில் அருகம்புல் பரப்பிப் புழுதி கிளம்பாமல் மூடி வைப்போம். பிள்ளைகள் அங்கே விளையாட வேண்டாம்.

மூன்று, கீரை ஆசையை அதுவரை தள்ளிப்போட வேண்டியதில்லை. வெளியிலிருந்து நல்ல மண் வாங்கி, மாடியில் தொட்டிகளில் போடுவோம்.

பரிசோதனைச் செலவைச் சங்க நிதியிலிருந்து தர உங்கள் ஒப்புதல் வேண்டும். கை தூக்குங்கள்.