இறுதி நேரத்தில் மருத்துவர்
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பு இன்று எட்டாத தொலைவில் இல்லை. அவர்களுக்கு நெடுங்காலம் எவரும் கற்பிக்காத ஒன்றைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விழைகிறேன்.

என் அத்தா ஸக்ராத் நிலையில் இருந்தபோது, பணியிலிருந்த இளம் மருத்துவர் வராந்தாவில் நின்றவாறே, "இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டிற்கு அழைத்துச் செல்லுங்கள்" என்று கூறிவிட்டு அடுத்த நோயாளியிடம் சென்றார். நோயைக் குணமாக்க இயலாது என்பது மெய். ஆனால் வலியைத் தணிக்கலாம், மூச்சுத்திணறலைக் குறைக்கலாம், உலர்ந்த வாயை நனைக்கலாம். ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு என் அம்மாவிடம் இரண்டு நிமிடம் பேசியிருக்கலாம். அவரை நான் குறை கூறவில்லை. அவருக்கு அதைச் சொல்லித் தந்தவர் இல்லை.

நாடு முழுவதும் 2019இல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பான்மை, அறநெறி, தொடர்புத்திறன் ஆகியவற்றுக்கான 'ஏட்காம்' என்னும் பாடப்பகுதி இடம்பெற்றது. முதலாண்டு மாணவர், அறுத்துப் பயிலும் உடலையே முதல் ஆசிரியராக மதிக்கக் கற்கின்றார். மரணத்தை எதிர்கொள்வது பற்றிய பாடமும் பின்னர் உண்டு. தேர்வில் எழுதி மதிப்பெண் பெறுவதோடு அது முடிந்துவிடுமோ என்ற ஐயம் எனக்கு உண்டு. இரக்கம், மூத்தவர் ஒருவர் நோயாளியின் அருகில் அமர்வதைக் கண்டே படிய வேண்டியது.

கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் 1993இல் தொடங்கிய வலி தணிப்புப் பணி அவ்வாறே வளர்ந்தது. பின்னர் கேரளத்தின் ஊர்களில் பொதுமக்களும் மாணவர்களும் பயிற்சி பெற்று, வீடு தேடிச் சென்று நோயாளிகளைக் கவனித்தனர்.

நம்மவர் இறுதி நேரத்தில் கிப்லாவை நோக்கிப் படுக்க விரும்புவர். காதருகே கலிமா ஒலிக்க வேண்டுவர். "உங்கள் வழக்கத்தில் என்ன தேவை?" என்று மருத்துவர் கேட்டால் போதும். கேட்கும் பழக்கத்தை நாமும் அளிக்கலாம். விடுமுறைக்கு வரும் மருத்துவ மாணவர்களை, வீட்டாரின் சம்மதத்துடன், பெரியவர் ஒருவரோடு நம் மஹல்லாவில் படுக்கையில் இருப்போரிடம் அனுப்புவோம். மருந்து தர அன்று, அமர்ந்து செவிமடுக்க. விருப்பமுள்ள பெற்றோர் செயலாளரிடம் பெயர் தரக் கேட்டுக்கொள்கிறேன்.