இன்னொரு விளக்கு எதற்கு?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், போட்டோ தொழில் செய்யும் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



போன மாதம் நான் இரண்டாவது கடன் 9,000 ரூபாய் கேட்டு மனு கொடுத்தேன். "முதல் கடன்லயே ஒரு ஃபிளாஷ் விளக்கு வாங்கிட்டியே, இன்னொரு விளக்கு எதுக்கு கண்ணு?" என்று ஒரு அக்கா கேட்டாங்க. எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தால், கேட்டது நியாயம். இது எல்லோரும் வாரா வாரம் போட்ட சேமிப்பு. அதனால் தொழிலைப் பற்றி உங்களுக்கே புரியும்படி சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்க.

ஃபிளாஷ் விளக்கைக் கேமரா தலைமேலேயே மாட்டி எடுத்தால் வெளிச்சம் நேராகப் போய் முகத்தில் அடிக்கும். மூக்கு, கன்னம் எல்லாம் ஒரே தட்டையாகத் தெரியும். உச்சி வெயிலில் உழுத நிலத்தைப் பாருங்க, சால் தெரியாது. அதே நிலத்தைச் சாயங்கால வெயிலில் பாருங்க, ஒவ்வொரு சாலும் தனித்தனியாகத் தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் தள்ளி வைப்பது அந்தச் சாயங்கால வெயிலை நாமே உண்டாக்குகிற மாதிரி.

தள்ளி வைத்தால், கேமராவை அமுக்கும் நேரத்தில் அந்த விளக்கு எப்படி எரியும்? முன்பெல்லாம் நீள ஒயர் இழுத்து மாட்டுவார்கள். கல்யாண வீட்டில் அந்த ஒயர் தடுக்கி ஒரு தாத்தா விழப் பார்த்ததை நானே கண்டிருக்கிறேன். அடுத்த ஃபிளாஷ் வெளிச்சத்தைக் கண்டு தானே எரிகிற விளக்கும் உண்டு. ஆனால் அதற்கு யார் ஃபிளாஷ் அடித்தாலும் ஒன்றுதான், மாமன் மச்சான் எடுக்கிற படத்துக்கும் எரியும். நல்ல வெயிலில் சில நேரம் எரியவே எரியாது.

இப்போது நான் வைத்திருப்பது ரேடியோ ட்ரிக்கர். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய பெட்டி. அதைக் கேமரா மேலே மாட்டணும். பட்டனை அமுக்கியதும் அது ரேடியோ அலையில் சொல்லும், தள்ளி நிற்கிற விளக்கு அதே கணத்தில் எரியும். நடுவில் ஆள் நின்றாலும், தூண் இருந்தாலும் பெரும்பாலும் வேலை செய்யும். பல கம்பெனி ட்ரிக்கர்கள் வைஃபை போகிற அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில்தான் பேசுகின்றன. குறைந்த சக்தியில் இந்த அலையைப் பயன்படுத்த லைசென்ஸ் வேண்டாம் என்று நம் நாட்டில் 2005-லேயே விதி வந்துவிட்டது. "போலீஸ் பிடிக்குமா?" என்று எங்கள் மாமியார் கேட்டாங்க, அதனால்தான் சொல்கிறேன்.

இனி நான் நஷ்டப்பட்ட கதை. இதை இதுவரை கூட்டத்தில் சொன்னதில்லை.

முதல் கடனில் விளக்கு, ஸ்டாண்டு, ட்ரிக்கர் வாங்கி இரண்டாவது மாதம். கச்சிராயபாளையம் பக்கம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களும் தனியாக ஒரு போட்டோக்காரரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவரிடமும் இதே கம்பெனி ட்ரிக்கர். பெட்டி வாங்கும்போது அதில் 1-ஆம் சேனல் இருக்கும். அவரும் மாற்றவில்லை, நானும் மாற்றவில்லை. அவர் படம் எடுக்கும்போதெல்லாம் என் விளக்கு எரிந்தது. ஒரு தடவை எரிந்தால் மறுபடி சார்ஜ் ஏற இரண்டு மூன்று வினாடி ஆகும். தாலி கட்டும் நேரத்தில் நான் அமுக்குகிறேன், விளக்கு அப்போதுதான் அவருக்கு எரிந்து ஓய்ந்திருக்கிறது. தாலி முடிச்சுப் படம் இருட்டு. பெண்ணின் அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுமே பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம். வாங்கின பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த மாதத் தவணையை எங்கள் வீட்டு ஆட்டை விற்றுத்தான் கட்டினேன்.

இப்போது மண்டபத்துக்குப் போனதும் முதல் வேலை, "அண்ணே, நீங்க எந்த சேனல்?" என்று மற்ற போட்டோக்காரரைக் கேட்பதுதான். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. அவர் 1 என்றால் நான் 9. முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னால் மணவறையில் யாரையாவது உட்கார வைத்துப் பத்துப் படம் எடுத்துப் பார்ப்பேன்.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற தங்கச்சிகளுக்கு இன்னும் சில விஷயம். கேமராவுக்குள்ளே திறந்து மூடுகிற திரை இருக்கிறது. ஃபிளாஷ் அடிக்கும்போது முழுத் திறப்பும் இருக்கணும். பல கேமராக்களில் ஒரு வினாடியில் 200-ல் ஒரு பங்கு வரைக்கும்தான் அது சரிப்படும். அதற்கு மேல் வேகம் வைத்தால் படத்தின் ஒரு ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். (வேகமாக வைக்க வசதியுள்ள விளக்கும் உண்டு, அதில் வெளிச்சம் குறையும்.) அடுத்து, விளக்கின் தூரம். ஆளிடமிருந்து இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும். மலையில் காற்று அதிகம். ஸ்டாண்டில் குடை மாட்டினால் படுத்துவிடும், அதனால் அரிசிப் பையில் கல்லைப் போட்டுக் காலில் கட்டிவிடுவேன். கரண்ட் போனாலும் கவலையில்லை, எல்லாம் பேட்டரிதான். ஒரு செட் பேட்டரி இடுப்புப் பையில் கூடுதலாக இருக்கணும்.

ட்ரிக்கர் வாங்கும்போது உங்கள் கேமராக் கம்பெனிக்கு உள்ளதா என்று பார்த்து வாங்குங்க. கேனனுக்கு உள்ளதை நிக்கானில் மாட்டினால் பாதி வசதி கிடைக்காது. விளக்கும் ட்ரிக்கரும் ஒன்றோடொன்று பேசுகிற கம்பெனியாக இருக்கணும்.

ஹோமாய் வியாரவாலா என்று ஒரு அம்மா, நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகை போட்டோக்காரர். 1913-ல் பிறந்து 2012-ல் காலமானார். அவர் காலத்து ஃபிளாஷ் பல்பு ஒரு படத்தோடு எரிந்து போய்விடும். அதை வைத்துக்கொண்டு, புடவை கட்டி, டெல்லியில் சைக்கிளில் போய்ப் படம் எடுத்திருக்கிறார். நமக்கு வசதி எவ்வளவோ மேல்.

இப்போது அக்கா கேட்ட கேள்விக்கு வருகிறேன். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். நம் குழுக்களிலும் சிற்ப வேலைக் குடும்பங்கள் இருக்கின்றன. செல்போனில் நேர் ஃபிளாஷ் போட்டு எடுத்து வெளியூர்க்காரர்களுக்கு அனுப்புகிறார்கள். பாலீஷ் போட்ட மரத்தில் வெள்ளையாக ஒரு திட்டு அடிக்கிறது, செதுக்கின ஆழம் தெரிவதில்லை. ஒரு மாத உழைப்பு, படத்தில் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி தெரிகிறது. பக்கத்தில் ஒரு விளக்கு வைத்தால் மடிப்பும் நகையும் எழும்பி வரும். ஆனால் மறுபக்கம் ஒரேயடியாகக் கறுத்துவிடும். அங்கே லேசாக இன்னொரு விளக்கு வேண்டும். வெள்ளை அட்டை பிடித்துப் பார்த்தேன், சின்னச் சிலைக்குப் போதும், மூன்றடிச் சிலைக்குப் போதவில்லை. ட்ரிக்கர் புதிதாக வேண்டாம். ஒரே ட்ரிக்கரில் ஏ குழு, பி குழு என்று பிரித்து, ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைக்கலாம். அதிலும் குழுதான் பாருங்க!

மாதம் 1,500 அசலும் வட்டியுமாக ஆறு மாதத்தில் கட்டிவிடுவேன். கல்யாண சீசன் இல்லாத ஆடி, மார்கழியில் சிற்பப் படவேலை கை கொடுக்கும் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு தப்பினால் பழைய விளக்கை விற்றாவது கட்டுவேன், இதையும் தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

சிற்ப வேலை செய்கிற அக்காக்கள் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சிலையைக் கொண்டு வாங்க. விளக்கைக் கொண்டுவந்திருக்கிறேன். கேமரா மேலே வைத்து ஒன்று, தள்ளி வைத்து ஒன்று எடுத்துக் காட்டுகிறேன்.