அம்பர்நாத் கோயிலின் வயது
(டோம்பிவிலி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



டோம்பிவிலியில் ரயில் ஏறினால் கல்யாண் தாண்டி மூன்றாவது ஸ்டேஷன் அம்பர்நாத். முப்பது நாற்பது வருஷம் இங்கே குடியிருந்தும் அவ்வூர் சிவன் கோயிலைப் பார்க்காதவர்கள் நம்மில் அநேகம் பேர். முழுவதும் கருங்கல். நம் ஊர் கிரானைட் அல்ல, ஏறத்தாழ 6.6 கோடி வருஷங்களுக்கு முன் எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பஸால்ட். கர்ப்பக்கிருகத்துக்குப் படி இறங்கிப் போகவேண்டும். மேலே சிகரம் முழுமையாக இல்லாததால் அண்ணாந்து பார்த்தால் ஆகாயம்!

இதன் வயதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் சுவாரஸ்யம். கோயிலில் ஒரு சிறிய சம்ஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. டாக்டர் பாவு தாஜி (பைகுல்லா மியூசியத்துக்குப் பெயர் தந்தவர்) அதைச் சக வருஷம் 782 என்று படித்தார். அதாவது கி.பி. 860. அவரிடம் வேலை பார்த்த பண்டிட் பகவான்லால் இந்திராஜி பின்னர் ஆராய்ந்து, முதல் இலக்கம் ஏழல்ல, ஒன்பது என்றார். 982 என்றால் கி.பி. 1060. ஓர் இலக்கத்தில் இருநூறு வருஷம்! கல்வெட்டு சொல்லும் அரசர் சிலாஹார வம்சத்து மும்முணி. அவர் தமையன் சித்தராஜாவின் செப்பேடு நம் பாண்டுப்பில் கிடைத்தது; அதன் வருஷம் சகம் 948. கணக்கு சரியாகப் பொருந்திவிட்டது. தஞ்சைப் பெரிய கோயில் முடிந்து (1010) ஐம்பது வருஷத்தில் எழுந்த கோயில் இது.

கல் அங்கேயே இருந்ததால்தான் இரண்டாமவர் திருத்த முடிந்தது. நம் பூர்வீகக் கிராமங்களில் நடப்பதென்ன? கும்பாபிஷேகப் பத்திரிகை வந்ததும் பம்பாயிலிருந்தும் டில்லியிலிருந்தும் பணம் அனுப்புகிறோம். அந்தப் பணத்தில் சுவருக்கு டைல்ஸ் ஒட்டுகிறார்கள். மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்கிறார்கள். சோழர் கால எழுத்து தேய்ந்து போகிறது. பக்தி சிரத்தையோடு செய்வதுதான், ஆனால் போன எழுத்து போனதுதானே?

அடுத்த முறை பணத்தோடு ஒரு கடிதமும் வையுங்கள்: வேலை ஆரம்பிக்குமுன் கல்வெட்டுகளை மைப்படி எடுத்தாயிற்றா? ஈரக் காகிதத்தைக் கல்லில் வைத்து பிரஷ்ஷால் தட்டி, மேலே மை ஒற்றி எடுப்பது அது. பழகிய கை வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் போட்டோவாவது எடுக்கச் சொல்லுங்கள். உச்சி வெயிலில் வேண்டாம்; காலையிலோ மாலையிலோ சாய்வெயில் சுவரை உரசிக்கொண்டு விழும்போது எடுத்தால் ஒவ்வோர் எழுத்தும் நிழலோடு எடுப்பாகத் தெரியும்.