மணலடிச் செல்வமும் மண்ணின் மொழியும்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நிலத்தின் மேல் வாழ்பவன் ஒருவன். நிலத்தின் அடியில் உள்ளதை அள்ளிச் செல்பவன் இன்னொருவன். அடிமைப்பட்ட நாடுகள் பலவற்றின் வரலாறு இவ்வொரு தொடரில் அடங்கிவிடும். அத்தொடரை மாற்றி எழுதிய நாடுகளுள் ஒன்று வட ஆப்பிரிக்காவின் அல்சீரியா. மாற்றி எழுதிய இடங்களுள் ஒன்று, சகாராப் பாலையில் உள்ள ஆசி ரெமல் என்னும் எரிவளி வயல்.

ஊர்ப்பெயரிலிருந்தே தொடங்குவோம். அங்குள்ள அரபு வழக்கில் 'ஆசி' என்றால் கிணறு. 'ரெமல்' என்றால் மணல். மணற்கிணறு! ஒட்டகத்தோடும் ஆட்டு மந்தையோடும் அலைந்த மக்கள் நீருக்காக வைத்த பெயர் அது. தலைநகர் அல்சியர்சுக்குத் தெற்கே ஏறத்தாழ 550 கி.மீ. தொலைவில் உள்ள அவ்விடத்தில், 1956இல் துளையிட்ட பிரெஞ்சுக் குழும்பினர், 2,000 மீட்டருக்கும் கீழே மணற்பாறையில் எரிவளியைக் கண்டனர். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 70 கி.மீ., கிழக்கு மேற்காக ஏறத்தாழ 50 கி.மீ. பரந்த வயல் அது. 2,00,000 கோடி கன மீட்டருக்கு மேற்பட்ட வளியைத் தன்னுள் வைத்திருந்தது. உலகின் பெருவயல்களுள் ஒன்றாயிற்று.

அவ்வளி வெறும் வளி அன்று. நாம் மூச்சு விடும் காற்றின் அழுத்தத்தைப்போல் முந்நூறு மடங்கு அழுத்தத்தில், மெல்லிய நெய்ப்பொருள்களும் வளியோடு வளியாய்க் கலந்து கிடந்தன. மேலே கொணர்ந்து அழுத்தத்தையும் வெப்பத்தையும் குறைத்தால், அவை ஒடுங்கி நீர்மமாகும். இதனை 'ஒடுங்குநெய்' எனலாம். வளியினும் விலை மிக்கது. கலத்தில் ஏற்றிச் செல்ல எளியது.

ஆனால் இங்கே இயற்கை ஒரு பொறி வைத்திருக்கிறது. வளியை விரைந்து உறிஞ்சினால், பாறைக்குள்ளேயே அழுத்தம் தாழ்ந்துவிடும். தாழ்ந்தால், ஒடுங்குநெய் அங்கேயே நீர்மமாகிப் பாறையின் நுண்துளைகளில் ஒட்டிக்கொள்ளும். பின்னர் அதில் பெரும்பகுதியை எடுத்தல் அரிது. ஆகவே, நெய்யைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் உலர்வளியில் ஒரு பகுதியை மீண்டும் பாறைக்குள் செலுத்தி, அழுத்தத்தைக் காக்க வேண்டும். இன்று விற்றால் இன்றே பணம் தரும் வளியை, நாளை வரும் நெய்க்காக மண்ணுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். குத்தகைக்காரனுக்கு இப்பொறுமை வருமா? நிலத்துக்கு உடையவனுக்கே வரும். உரிமை என்பது வெறும் மேடை முழக்கமன்று, பொறியியலிலும் அதற்கு இடமுண்டு என்பதை இவ்வயல் காட்டுகிறது.

அவ்வுரிமை எளிதில் வந்ததா? 1830இல் நுழைந்த பிரெஞ்சு ஆட்சி 132 ஆண்டுகள் நீடித்தது. 1954இல் மூண்ட விடுதலைப் போரின் நடுவில்தான் பாலையின் செல்வம் வெளிப்பட்டது. உடனே, சகாராவை அல்சீரியாவிலிருந்து பிரித்து வைத்துக்கொள்ளப் பிரெஞ்சு அரசு முயன்றது. போராளிகள் இணங்கவில்லை. மண்ணைக் கூறுபோட்டுப் பெறும் விடுதலை வேண்டா என்றனர். 1962 சூலையில் நாடு முழுமையாய் விடுதலை பெற்றது. எனினும், ஏவியன் உடன்பாட்டின்படி பிரெஞ்சுக் குழும்புகளின் எடுப்புரிமைகள் தொடர்ந்தன. கொடி மாறியது, கிணறு மாறவில்லை!

1963 இறுதியில் சோனத்ராக் என்னும் அரசு நிறுவனம் தோன்றியது. 1964இல் ஆசி ரெமல் வளி கடற்கரை நகராம் அர்சூவில் நீர்மமாக்கப்பட்டது. சுழியத்துக்குக் கீழ் 162 பாகை வரை குளிர்வித்தால் வளி நீர்மமாகி, அறுநூற்றில் ஒரு பங்காய்ச் சுருங்கும். அவ்வாறு சுருங்கிய வளி கப்பலேறி இங்கிலாந்தின் கான்வே தீவை அடைந்தது. நீர்மவளி வாணிகத்தின் தொடக்கமே அதுதான்.

1971 பிப்ரவரி 24 அன்று, ஆட்சித் தலைவர் ஊவாரி பூமெதியன் தொழிலாளர் நடுவே நின்று அறிவித்தார்: எரிவளி முழுதும் நாட்டுடைமை, குழாய்வழிகளும் நாட்டுடைமை, பிரெஞ்சு எண்ணெய்க் குழும்புகளில் 51 விழுக்காடு நாட்டுடைமை. அதன் பின்னரே, 1970களின் பிற்பகுதியிலிருந்து, ஆசி ரெமலில் பிரிப்பாலைகள் பெருகின. வளியைப் பாறைக்குள் திருப்பிச் செலுத்தும் அழுத்து நிலையங்கள் வடக்கிலும் தெற்கிலும் எழுந்தன. 1983இல் துனீசியா வழியே கடலடிக் குழாய் இத்தாலியை எட்டியது. போற்றத்தக்க வினை!

ஆயின் தோழர்களே, வெற்றியை மட்டும் சொல்லி விடுவது அறமாகாது. ஒரே பொருளை விற்று வாழும் நாட்டின் அடுப்பு, அயலார் குறிக்கும் விலையில்தான் எரியும். 1986இல் எண்ணெய் விலை சரிந்தது. 1988 அக்தோபரில் அல்சீரியத் தெருக்களில் இளைஞர் கொதித்தெழுந்தனர். 2013இல், எண்ணெய் வயல்கள் சூழ்ந்த ஊவர்கலா நகரில் வேலையற்றோர் திரண்டு, 'எம் மண்ணின் செல்வத்தில் எமக்கு வேலை எங்கே?' என்னும் வினாவை எழுப்பினர்.

இன்னொரு குறை மொழிக்குறை. விடுதலையின் போது பத்தில் எட்டுப் பேருக்கு மேல் எழுத்தறிவற்றோர். அரசு அரபைப் பள்ளிக்குக் கொணர்ந்தது, நன்று. ஆனால் பல்கலைக்கழகத்தின் அறிவியலும் எண்ணெய்த் தொழிலின் எழுத்தும் பிரெஞ்சிலேயே நின்றன. பள்ளியில் அரபில் கணக்குப் பயின்றவன், மேலே சென்றதும் பிரெஞ்சில் திணறினான். கிணற்றை மீட்டவர்கள், கிணற்றைப் பற்றிய அறிவைத் தம் மொழியில் முழுதாய் மீட்கவில்லை.

அதனினும் பெரிய பிழை ஒன்றுண்டு. அரபுக்கும் முன்னரே அம்மண்ணில் வாழ்ந்த மொழி தமசிக். கபீல் மலையிலும், ஆசி ரெமலுக்குத் தெற்கே மசாப் பள்ளத்தாக்கிலும் அதன் கிளைகள் இன்றும் வழங்குகின்றன. 1980இல், பழங்கபீல் பாக்களைப் பற்றி அறிஞர் மூலூத் மம்மேரி ஆற்றவிருந்த பொழிவைத் தடுத்தனர். திசி ஊசூ நகரம் பொங்கியது. 2001இல் கபீல் மண்ணில் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2002இல் அம்மொழி நாட்டு மொழியாகவும், 2016இல் ஆட்சி மொழியாகவும் ஏற்கப்பட்டது. அடக்கப்பட்டவன் விடுதலை பெற்றதும் அடுத்தவன் நாவை அடக்கினால், பெற்ற விடுதலை அரை விடுதலையே.

பாறையின் இயல்பே மக்களின் இயல்பும். கட்டாயத்தால் உறிஞ்சினால் உள்ளிருக்கும் நெய் உள்ளேயே உறைந்து போகும். மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்தால்தான் மண்ணும் தரும். அறிவைத் தாய்மொழியில் மக்களுக்குத் திருப்பிக் கொடுங்கள். எரிவளி, அழுத்தம், ஒடுங்குநெய் என்று தமிழில் சொல்ல முடிகிற போது, அத்தொழிலைத் தமிழில் கற்பிக்க மட்டும் ஏன் முடியாது? நிலத்தடிச் செல்வம் ஒருநாள் தீரும். நாவடிச் செல்வம், எடுத்தாள எடுத்தாள வளரும்!