இடருற்ற நாளும் நன்றி அறிதலும்

(சங்கரன்கோவிலில் நடைபெற்ற பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



காலையில் பேருந்து தவறிவிடுகிறது. நடுவழியில் செருப்பு அறுந்துபோகிறது. பார்க்கச் சென்றவர் ஊரில் இல்லை. திரும்பும் வேளையில் மழை பிடித்துக்கொள்ள, பையிலிருந்த கவிதைக் கையெழுத்துப்படி நனைந்து எழுத்தெல்லாம் கரைந்துவிடுகிறது. வீடு வந்து சேர்ந்த கவிஞர், 'இன்று யார் முகத்தில் விழித்தேனோ' என்று நொந்தபடி படுத்துவிடுகிறார். எழுதுவோர் வாழ்வில் இத்தகைய நாள்களுக்குக் குறைவில்லை. அந்நாளின் முடிவில் நன்றிக்கு இடமுண்டா என்பதே இவ்வுரையின் பொருள்.

திருக்குறளின் பதினோராம் அதிகாரத்திற்குச் 'செய்ந்நன்றி அறிதல்' என்று பெயர். நன்றி என்பது பழந்தமிழில் ஒருவர் செய்த நன்மையையே குறித்தது. இன்று அது வாயால் சொல்லும் சொல்லாகச் சுருங்கியிருக்கிறது. அதிகாரப் பெயரில் உள்ளதோ 'அறிதல்'. எந்த நன்மை, யாரிடமிருந்து, எந்த வேளையில் வந்தது என்று தெரிந்துகொள்வதே அறிதல். அதற்கு மனம் மகிழ்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. நாளைத் திரும்பிப் பார்க்கும் பொறுமை போதும்.

அந்தப் பொறுமைக்குச் சான்றாக நிற்பவர் டாக்டர் உ.வே. சாமிநாதையர். சங்கரன்கோவிலுக்கு வடக்கே, இராசபாளையம் செல்லும் சாலையில் உள்ளது கரிவலம்வந்தநல்லூர்; திருக்கருவை அந்தாதிகள் பாடப்பெற்ற தலம். பாண்டிய மன்னர் மரபின் ஏடுகள் அவ்வூர்க் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஐயர் ஆவலோடு வந்தார். பயனற்றவை என்று கருதப்பட்ட பழைய ஏடுகளை ஆகம முறைப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக அங்கே அவருக்குச் சொன்னார்கள். தமிழ் நூல்கள் எரிந்துபோன செய்தியைச் சுமந்துகொண்டு வெறுங்கையோடு திரும்பினார்.

அதே நெல்லைச் சீமையில் ஆழ்வார்திருநகரியிலும் அவருக்கு முதலில் ஏமாற்றமே காத்திருந்தது. பத்துப்பாட்டைத் தேடி இலட்சுமண கவிராயர் வீட்டு ஏடுகளைப் பார்த்தார், வேண்டியது அகப்படவில்லை. அப்போது ஊரில் திருவிழா. இரவில் பெருமாள் வீதியில் எழுந்தருளியபோது, மனம் தளர்ந்திருந்த ஐயர் வேண்டிக்கொண்டார். வீட்டு ஏடுகளில் ஒரு பகுதி உறவினர் ஒருவரிடம் போயிருப்பது கவிராயருக்கு நினைவு வந்தது. அங்கிருந்து ஒரு கட்டு வந்தது. விடியட்டும் என்று பொறுக்க மாட்டாமல் நிலவொளியிலேயே பிரித்துப் பார்த்தார் ஐயர். முல்லைப்பாட்டு என்ற பெயர் கண்ணில் பட்டது! நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டு 1889இல் அச்சேறியது.

கிடைத்ததனால் நன்றி பிறந்தது, கிடைக்காவிடில் என்ன என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஐயர் தம் பதிப்புகளின் முகவுரைகளில் ஏடு கொடுத்தவர்களைப் பெயரும் ஊரும் குறித்து வரிசைப்படுத்தினார். 1940 முதல் 1942இல் மறையும் வரை ஆனந்த விகடனில் எழுதிய 'என் சரித்திர'த்திலோ கரிவலம்வந்தநல்லூர்த் தீயையும் எழுதினார். ஆழ்வார்திருநகரி நிலவையும் எழுதினார். இழப்பை இழப்பென்றே சொன்னார். கிடைத்ததைக் காட்டி அதற்குச் சமாதானம் கூறவில்லை. நன்மை செய்தோரின் பெயரை இழப்பின் துயரம் விழுங்கவும் விடவில்லை. நன்றி அறிதலின் நேர்மை இதுவே.

சங்கரன்கோவில் மக்களுக்கு இது புதிய பாடமன்று. சிவனே பெரியவர் என்றும் திருமாலே பெரியவர் என்றும் சங்கன், பதுமன் என்னும் நாக அரசர் இருவர் வாதிட்டனர் என்றும், கோமதியம்மனின் தவத்திற்கு இரங்கி இருவரும் ஓருருவாகக் காட்சி தந்தனர் என்றும் தலபுராணம் கூறும். ஆண்டுதோறும் ஆடித்தபசு அதனை நினைவூட்டுகிறது. சங்கரநாராயணர் திருவுருவில் ஒரு பாதி மறுபாதியை மறைப்பதில்லை. ஒரு நாளையும் அவ்வாறே பார்க்கலாம்.

நனைந்த கவிதையோடு வீடு திரும்பிய கவிஞரிடம் மீண்டும் வருவோம். தவறிய பேருந்து தவறியதுதான். கரைந்த வரிகள் மீளப்போவதில்லை. ஆயினும் அறுந்த செருப்பை முன்பின் அறியாத ஒருவர் சணல் கொண்டு கட்டிக்கொடுத்தார். மழையில் ஒரு கடைக்காரர் பலகையை நகர்த்தி உட்கார இடம் தந்தார். வீட்டில் ஒருவர் உண்ணாமல் காத்திருந்தார். இவர்களை எண்ணாமல் உறங்குபவர் அந்த நாளைப் பாதிதான் படித்திருக்கிறார்.

பத்தாண்டுக் கணக்கை எழுதும் இலக்கிய வட்டத்திற்கும் இது பொருந்தும். தலைமை தாங்கியோர் பெயர் ஏட்டில் இருக்கும். நாற்காலி சுமந்தவர், தேநீர் கொண்டுவந்தவர், அச்சுப்பிழை திருத்தியவர், ஆள் வராத கூட்டத்திலும் கடைசிவரை அமர்ந்து கேட்டவர் ஆகியோரின் பெயர்களையும் தேடி எழுதுங்கள். நின்றுபோன கூட்டங்களையும் மறைக்காமல் எழுதுங்கள். அதுவே இம்மலருக்கு ஏற்ற முகவுரையாகும்.

நன்றி அறிவோம்.