தோட்டப் பாதையில் இருவர்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் ஊடே செல்லும் பழைய பாதைகளில் இப்பொழுது புதுவகைப் பிரயாணிகளைக் காண்கிறோம். தலைக்கு மேலே எழும்பி நிற்கும் மூட்டை முதுகிலே, கனத்த சப்பாத்து காலிலே, ஊன்றுகோல் கையிலே. பெரும்பாலும் ஆணும் பெண்ணுமாக இருவர் வருகின்றனர். விடுமுறைக்கு இரண்டு வாரம் வந்து திரும்புகிறவர்கள் அல்லர் இவர்களிற் பலர். சொந்த ஊரிலே வீட்டைப் பூட்டி, உத்தியோகத்தையும் விட்டு, ஆறு மாதம், ஓராண்டு என்று புறப்பட்டவர்கள். தாய்லாந்திலே சில மாதங்கள் சுற்றிவிட்டு, அங்கிருந்து நமது நாட்டுக்கு வந்து, கண்டியிலிருந்து மலையேறுகிறார்கள்.

அவர்கள் நடப்பதற்கென்று இன்று ஒரு வழி வகுக்கப்பட்டிருக்கிறது. பீக்கோ பாதை என்பது அதன் பெயர். பீக்கோ என்பது தேயிலைத் தரம் ஒன்றின் பெயர் என்பதை நேயர்கள் அறிவீர்கள். கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி, ஜேம்ஸ் டெய்லர் 1867ஆம் ஆண்டில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரையைத் தொட்டு, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை என்று மலைமேல் மலையாக ஏறி, அப்புத்தளை, எல்ல, தெமோதரை வழியாக வளைந்து, நுவரெலியாவை அடுத்த பீட்ருத் தோட்டத்தில் அது முடிகிறது. 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம், 22 பகுதிகள். நாளுக்கு ஒரு பகுதியாக நடந்தால் மூன்று வாரத்துக்கு மேலாகும்.

இந்தப் பாதை ஒன்றும் புதிதாக வெட்டப்பட்டதன்று. துரைமாரின் குதிரைகள் சென்ற வழியும், கொழுந்து வண்டிகள் சென்ற வழியும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் ஒற்றையடிப் பாதையுமே இன்று கோத்து இணைக்கப்பட்டு ஒரு பெயரைப் பெற்றிருக்கின்றன. அவற்றை வெட்டிய கைகள் யாருடையவை என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தாய்லாந்து என்றவுடன் ஒன்று நினைவுக்கு வருகிறது. அந்நாட்டில் நெடுநாள் சுற்றும் பிரயாணிகள் காஞ்சனபுரிக்குப் போகாமல் இருப்பது அரிது. அங்கே ஆற்றின் மீது ஓர் இருப்புப்பாதைப் பாலம் இருக்கிறது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியப் படை அமைத்த இருப்புப்பாதையின் பாலம் அது. அந்த வேலையில் நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறக்குறைய 12,000 பேர் மாண்டனர். அவர்களிற் பல்லாயிரவருக்குக் காஞ்சனபுரி மயானத்திலே வரிசை வரிசையாகக் கல்லும் பெயரும் உண்டு. அவர்களைக் காட்டிலும் பன்மடங்கு ஆசியத் தொழிலாளர் அங்கே மடிந்தனர். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் அவர்களுள் மிகப் பலர். அவர்களுக்குத் தனித்தனிக் கல்லுமில்லை, பெயருமில்லை. பிரயாணி பாலத்தின் மேலே நின்று படம் எடுத்துக்கொள்கிறான். அடுத்த ஊருக்குப் போகிறான். அவனைக் குறைகூறிப் பயனில்லை. சொல்வார் இல்லாதவிடத்து அவன் எப்படி அறிவான்?

நமது மலைப்பாதையிலும் அவனுக்குச் சொல்லவேண்டிய கதை ஒன்று இருக்கிறது. அதுவும் ஒரு தம்பதியரின் நெடும்பிரயாணக் கதைதான்.

இற்றைக்கு நூறாண்டுகளுக்கு முன் தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து கோதண்டராம நடேசய்யர் என்பவர் இலங்கைக்கு வந்தார். தோட்டத்திலே நம்மவர் எப்படி வாழ்கிறார்கள் என்பதை நேரிலே காணவேண்டும் என்பது அவர் விருப்பம். விரும்பினால் மாத்திரம் போதுமா? தோட்டம் என்பது அக்காலத்தில் ஒரு தனி இராச்சியம். துரையின் உத்தரவின்றி அயலார் உள்ளே கால் வைத்தால், அத்துமீறிப் பிரவேசித்த குற்றம். ஆகவே அவர் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு, துணிமூட்டையைச் சுமந்துகொண்டு தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகின்றனர். படித்தவரும் பத்திரிகை நடத்தியவருமான ஒரு பிராமணர், லயத்து வாசலிலே மூட்டையை அவிழ்த்துச் சேலையைப் பிரித்துக் காட்டியபடி, பேச்சோடு பேச்சாகச் சம்பளமும் கடனும் விசாரித்திருக்கிறார். முதுகிலே மூட்டையோடு தோட்டப் பாதையில் நடந்த பிரயாணிகளுள் நமக்கு முக்கியமானவர் இவரே என்று நான் எண்ணுகிறேன்.

அன்று அவர் கண்டது என்ன? ‘துண்டு’ என்று ஒரு முறை இருந்தது. தொழிலாளி இன்ன தொகை கடன்பட்டிருக்கிறான், அதைத் தீர்த்தால் அவனை விடுவிக்கலாம் என்று தோட்டத்திலே எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அந்தச் சீட்டு இல்லாதவனை வேறு தோட்டத்திலே சேர்க்கமாட்டார்கள். கடனோ கங்காணியின் கணக்கிலே வளர்ந்துகொண்டிருக்கும். ஆகையால் ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குப் போவதற்கும் மனிதன் தன்னை மீட்க வேண்டியிருந்தது. 1921ஆம் ஆண்டில் சட்டத்தினால் அம்முறை ஒழிக்கப்பட்டது. அதே ஆண்டில் நடேசய்யர் ‘தேசநேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1924இல் ‘தேசபக்தன்’ வந்தது. அடுத்த ஆண்டு அவர் சட்டநிரூபண சபையில் அங்கத்தவரானார்.

மீனாட்சி அம்மாள் அவருடைய மனைவியார். கணவரின் நிழலிலே நின்றவர் என்று அவரைப் பற்றி யாராவது சொன்னால் அது பிழை. ‘தேசபக்தன்’ பத்திரிகையில் பெண்களுக்காக எழுதினார், மேடையிலே பேசினார், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாடினார். கூட்டம் கூடும் வழி அதுவே. அந்நாளில் தொழிலாளருக்கு எழுத்தறிவு மிகக் குறைவு. துண்டுப்பிரசுரத்தைக் கையிலே கொடுத்தால் அதைப் படிக்க ஒருவனைத் தேடவேண்டும். பாட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. மீனாட்சி அம்மாள் குரலெடுத்துப் பாரதியாரின் பாடல்களையும், சனங்களுக்குப் பழக்கமான மெட்டில் தாமே புனைந்தவற்றையும் பாடுவார்; சனங்கள் கூடுவார்கள்; அதன் பின்னர் ஐயர் பேசுவார். பேச்சு மறந்துபோனாலும், மறுநாள் கொழுந்து மலையிலே பாட்டு இருக்கும். தோட்டத்து எல்லையில் ஆட்களைத் தடுத்து நிறுத்தலாம். பெண்களின் வாயிலே ஏறிய மெட்டை எந்தக் காவற்காரன் தடுப்பான்?

1940ஆம் ஆண்டில் அவர் பாடல்கள் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பெயருடன் அச்சாயின. அதற்கு முந்திய ஆண்டிலேதான் அரசாங்கத்தில் நாட்கூலி பெற்ற இந்தியர் பலர் வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தனர். அந்த வேதனையின் சூட்டோடு பிறந்த பாடல்கள் அவை.

1931ஆம் ஆண்டில் இத்தம்பதியரின் உழைப்பினால் ஹட்டனிலே தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் உருவாயிற்று. 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் ஹட்டன் தொகுதி நடேசய்யரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. 1947இல் அவர் காலமானார். அவரிடத்திலும் குறைகள் உண்டு. கூட்டாளிகளோடு பிணங்கிப் பிரிந்த சம்பவங்களும் உண்டு. அவற்றை ஆராய்வதற்கு இது நேரமன்று. ஒரு தொகையை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன். அவர் சட்டநிரூபண சபையில் இருந்த காலத்தில், 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மலைநாட்டிலே நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம்.

நேயர்களே, ஐயரும் அம்மாளும் மலையேறிய நாள் தொடங்கி, தொழிற்சங்கப் பிரதிநிதி ஒருவர் சட்டப்படி தோட்டத்துக்குள் செல்வதற்கு எவ்வளவு காலம் பிடித்தது தெரியுமா? தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டங்களுக்குள் பிரவேசிப்பது பற்றிய சட்டம் 1970ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு! இன்று பல்லாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வரும் இருவர், மூட்டையைத் தோளிலே மாட்டிக்கொண்டு, தோட்டத்தின் நடுவே சீட்டியடித்துக்கொண்டு போகிறார்கள். போகட்டும், அது நல்லதுதான். பூட்டிக் கிடந்த வழி திறந்திருப்பதைக் கண்டு வருந்துவோமா?

எனக்குள்ள வருத்தம் வேறு. வருகிறவர்களிற் பலர் துரையின் பழைய பங்களாவைக் காண்கிறார்கள், அதிலே தங்குகிறார்கள், அதன் வரலாற்றைக் கேட்டறிகிறார்கள். இன்ன துரை இன்ன ஆண்டில் கட்டினார் என்று சுவரிலே எழுதி மாட்டியிருக்கிறது. லயத்தை மட்டும் தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு கடந்துவிடுகிறார்கள். பங்களாவுக்குப் பெயரும் விலாசமும் உண்டு. லயத்துக் காம்பிராவுக்கோ பல தோட்டங்களிலே தனி விலாசமின்றியே தலைமுறைகள் கழிந்தன. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வரும், அங்கிருந்து வந்தால் வரும்.

கொழுந்து பறிக்கும் பெண்ணை நிறுத்திப் படம் எடுப்பதும் ஒரு வழக்கமாகிவிட்டது. அவளுக்குக் குறித்த நிறைக் கொழுந்து பறித்தால்தான் முழுப்பெயர்; குறைந்தால் அரைப்பெயர். மடுவத்திலே தராசு முன் நிற்கும்போது, வெள்ளைக்கார அம்மாளுக்காகச் சிரித்துக்கொண்டு நின்ற கால்மணி நேரத்தை யாரும் கணக்கிலே சேர்த்துக்கொள்ளமாட்டார்கள். இதை எந்த வழிகாட்டிப் புத்தகம் பிரயாணிக்குச் சொல்கிறது? வேலை விட்டு அவள் வரும் வழியிலே இரண்டு வார்த்தை பேசுவதற்குத் தடையில்லை. படம் வேண்டுமானால் அப்போது கேட்கலாம்.

இதைச் சொல்வதற்கு ஆள் வேண்டும். தோட்டத்து வாலிபர் கொழும்புக்குக் கடைச்சிப்பந்தியாகப் போவதைப் பல காலமாகக் காண்கிறோம். பாதையையும் மலையையும் நன்கறிந்தவர் அவர்கள். பாட்டன் பாட்டி சொன்ன கதையும் அவர்களிடம் இருக்கிறது. பிரயாணிக்கு முன்னே நடந்து வழிகாட்டும் தொழிலில் அவர்கள் இன்னும் பெருமளவில் இறங்கவேண்டும். அப்படி வழிகாட்டும் பிள்ளை, தேயிலை எப்படி வாடுகிறது, எப்படி அரைபடுகிறது என்பதை விளக்கும்போதே, முப்பாட்டன் மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளைக் காடு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்ததையும் சொல்லலாம். கோப்பிக் காலத்தில் பழம் பறிக்கும் மாதங்களுக்கு ஆண்கள் வந்து போனார்கள். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கை வேண்டும். அதனால் மனைவியும் குழந்தைகளும் கூடவே வந்தார்கள். அவர்களும் மூட்டை சுமந்த தம்பதியர்தாம். திரும்பிப் போகும் நாள் குறிக்காமல் வந்தவர்கள்.

போகிற போக்கிலே இன்னொன்று. தேயிலை நாட்டிலே நல்ல தேநீர் கிடைக்கும் என்று நம்பி வருகிறவர்கள் ஏமாறுவதுண்டு. உயர்ந்த தேயிலை கப்பலேறிவிடுகிறது. லயத்திலே கொதிப்பது தூள். ஆயினும் மழைக்கு ஒதுங்கி நிற்கும் பிரயாணிக்கு, லயத்து வாசலிலே ஒரு தாய் கொடுக்கும் வெறுந்தேத்தண்ணீரின் சுவை பங்களாவிலே கிடைக்காது. அதற்குக் காசு கொடுக்க முற்பட்டால் அவள் கோபித்துக்கொள்வாள். குழந்தைகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வாள்.

நடந்து பார்க்க விரும்பும் நம்மவர் நமது நேயர்களுள்ளும் இருக்கக்கூடும். வெளிநாட்டார்தாம் நடக்கவேண்டும் என்ற நியதி இல்லையே. முழுப்பாதைக்கும் அவகாசம் இல்லாதவர்கள், கொட்டகலையிலிருந்து நோர்வூட் வரையும், அங்கிருந்து பொகவந்தலாவை வரையும் உள்ள பகுதிகளை இரண்டு நாளிலே நடக்கலாம். அம்மாளின் பாட்டு ஒலித்த ஹட்டன் வட்டாரம் அதுவே. தை முதல் பங்குனி வரை அப்பக்கத்திலே மழை குறைவு; வைகாசி பிறந்தால் தென்மேற்குக் காற்றோடு மழை பிடித்துக்கொள்ளும், அட்டையும் ஏறும். சவர்க்காரத்தைக் காலிலே தேய்த்துக்கொண்டு போனால் அட்டை அண்டாது என்பது தோட்டத்தார் அனுபவம். விடியற்காலையிலே புறப்படுங்கள். பெரட்டுக்கு ஆட்கள் போகும் அந்த நேரத்தில் பாதையிலே உங்களுக்குப் பேச்சுத்துணை நிறையவே கிடைக்கும்.